ஃபிடே ஏத்திவிட்ட ரேட்டிங்குக்குப் பழனியில மொட்டை போடணுமா?

வேலந்தாவளம்_அப்பா · 3 மார்ச் 2024

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு குடும்பப் பஞ்சாயத்து. செஸ்ஸும் தெரிஞ்சு சாமியும் தெரிஞ்ச ஆளுங்க இருக்கிற இடம் இதுதான்னு இங்க வந்து போடறேன்.

பையன் எட்டாங்கிளாஸ். செஸ் ரேட்டிங் (ஆட்டத் தரத்துக்கு ஃபிடேங்கற உலக செஸ் சங்கம் குடுக்கிற நம்பர்) 1240-ல உக்காந்தவன் எந்திரிக்கவே இல்லை. போன வருசம் எங்கம்மா அவங்கபாட்டுக்குப் பழனி முருகன்கிட்ட வேண்டிக்கிட்டாங்க, பேரன் ஆயிரத்தைந்நூறு தாண்டினா மொட்டைன்னு. மொட்டை பேரனுக்கு. அவனை ஒரு வார்த்தை கேக்கலை.

முந்தாநாள் ஃபிடே லிஸ்ட் வந்துச்சு. பாத்தா 1544! நடுவுல ஒரு டோர்னமென்ட்கூட ஆடலைங்க, பரீட்சை. ரெண்டாயிரத்துக்குக் கீழ இருக்கிற எல்லாருக்கும் ஃபிடேகாரங்க ஒரே அடியா ஏத்திக் குடுத்திருக்காங்களாம். அம்மாகிட்டச் சொன்னதும் சூடம் பத்தவெச்சுட்டாங்க. பையன் என்னடான்னா, "இது முருகன் குடுத்ததில்ல, ஃபார்முலா குடுத்தது"ங்கறான். மே மாசம் அவன் மாமன் கல்யாணம் வேற, போட்டோவுல மொட்டையோட நிக்க மாட்டானாம்.

கடன் ஆகுமா, ஆகாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருப்புக்காய் · 3 மார்ச் 2024

ஆகாது. கணக்கு இதுதான். 2000-ல இருந்து உங்க ரேட்டிங்கைக் கழிக்கணும், வர்றதை 0.4-ஆல பெருக்கணும், அதைப் பழசோட கூட்டணும். 2000 கழித்தல் 1240, 760. அதுல 0.4 பங்கு 304. 1240-ம் 304-ம் 1544. இதுல முருகனுக்கு எங்கயும் இடமில்லை. கூடவே அடிமட்டத்தையும் 1400-ன்னு ஆக்கிட்டாங்க.

இன்னொண்ணு யோசிங்க. உங்க பையனைப் போன வருசம் அடிச்ச பசங்க அத்தனை பேரும் ஏறியிருக்காங்க. அவங்க பாட்டிங்க எல்லாம் வேண்டிக்கிட்டாங்களா?

நகரி_குதிரை · 3 மார்ச் 2024

அண்ணா, திருப்பதியா இருந்தா இந்தக் கேள்வியே வராது. ஏழுமலையான் குபேரனுக்கு வட்டி கட்டறவர். நமக்கு ஒரு பைசா தள்ளுபடி பண்ண மாட்டார்.

ஒரு விசயம் தெளிவு பண்ணுங்க. அம்மா "ஆடி ஜெயிச்சுத் தாண்டினா"ன்னு சொன்னாங்களா, "தாண்டினா"ன்னு மட்டும் சொன்னாங்களா?

வேலந்தாவளம்_அப்பா · 3 மார்ச் 2024

கேட்டேனுங்க. "தாண்டினா"ன்னு மட்டும்தானாம்.

நகரி_குதிரை · 3 மார்ச் 2024

முடிஞ்சுது. கத்தியைத் தீட்டச் சொல்லுங்க.

டைம்_டிரபுள் · 3 மார்ச் 2024

ஃபிடே நாப்பது சதவீதம்தானே குடுத்துச்சு சேட்டா. நாமளும் நாப்பது சதவீதம் மொட்டை குடுப்போம். காதுக்கு மேல இருக்கிற பாகம் சரியா வரும். இப்ப அதான் ஃபேஷன். கொழிஞ்சாம்பாறையில எங்க பார்பர் நூறு ரூபாய்க்குப் பண்ணுவார்.

மூணாம்போர்டு_அம்மா · 4 மார்ச் 2024

சிரிச்சுட்டேன். ஆனா பாட்டியைக் குறை சொல்லாதீங்க. ஹாலுக்கு வெளிய உக்காந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

பசங்க உள்ள போய்டுவாங்க. கதவைச் சாத்திடுவாங்க. அதுக்கப்புறம் நம்ம கையில ஒண்ணுமே கிடையாது. ஒரு கிரிக்கெட் மேட்ச்னா கத்தலாம், கையைத் தட்டலாம். இங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாக்கூட வாலன்டியர் வந்து விரட்டுவான். அப்ப என்னதான் பண்றது? பாலக்காட்டுப் பக்கம் ஒரு டோர்னமென்ட்ல பக்கத்துல உக்காந்திருந்த அம்மா கந்த சஷ்டி சொல்லிட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் ஒரு மலையாளத்து அம்மா லலிதா சகஸ்ரநாமம். ரெண்டு பேர் பசங்களும் ஒருத்தருக்கொருத்தர்தான் ஆடறாங்கன்னு பாதி வழியில தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் வேகம் எடுத்தாங்க பாருங்க, கிளாக் அவங்களுக்குத்தான் வெச்சிருக்கணும். கடைசியில கேம் டிரா. முறுக்கைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

இது பரவாயில்லை. ராத்திரி, யாரோட யார் ஆடறாங்கங்கற பேரிங் வந்ததும் நாளைக்கு வெள்ளையா கருப்பான்னு பாத்து அதுக்கேத்த புடவை எடுத்து வைக்கிற ஆளுங்க இருக்காங்க. கருப்புக்காய்னா கருப்புப் புடவை. வீட்டுல மாமியார் சம்மதிக்காததால ஓரத்துல ஒரு வெள்ளைக் கரை.

நான் அப்படியெல்லாம் பண்றதில்லை. எனக்கு ஒரே ஒரு பழக்கம். பையன் உள்ள இருக்கிற வரைக்கும் எந்த நாற்காலியில உக்காந்தேனோ அதை விட்டு எந்திரிக்க மாட்டேன்.

கருப்புக்காய் · 4 மார்ச் 2024

அக்கா, அஞ்சு மணி நேரம் கேம் போனா?

மூணாம்போர்டு_அம்மா · 4 மார்ச் 2024

அதனாலதான் தம்பி அவனைச் சீக்கிரம் முடியற ரேபிட் மட்டும் ஆட விடறேன்.

ஆர்பிட்டர்_கல்பாத்தி · 4 மார்ச் 2024

பெற்றோர் பக்கத்தை அம்மா சொல்லிட்டாங்க. உள்ளே நடக்கிறதை ஆர்பிட்டரா, அதாவது நடுவரா, நான் சொல்றேன், ஆதங்கத்தோட சொல்றேன்.

முதல்ல சனிக்கிழமை. காலை ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகுகாலம். வார இறுதி டோர்னமென்ட் எல்லாத்துலயும் முதல் ரவுண்டு அந்த நேரத்துலதான் வரும். ஞாயிறு நாலரையில இருந்து ஆறு. கடைசி ரவுண்டு அங்கே போய் விழும். யாரும் வேணும்னு வைக்கலை, ஹால் வாடகை அப்படி. ஒரு அப்பா பையனைக் காரிலேயே உட்கார வெச்சு பத்து முப்பத்தொண்ணுக்கு இறக்கி அனுப்பினார். ராகுகாலம் முடிஞ்சிருந்தது, கேமும் முடிஞ்சிருந்தது. தாமதத்துக்கு நாங்க குடுத்த அரைமணி அவகாசம் தாண்டிப் போச்சு. என்கிட்டச் சண்டைக்கு வந்தார். எதிராளிப் பையனுக்கும் அதே ராகுதானே சார்னு கேட்டேன். "அவங்க வேற மதம்"னார்.

இப்ப விவரமானவங்க வேற வழி கண்டுபிடிச்சிட்டாங்க. எட்டே முக்காலுக்கே ஹாலுக்குள்ள வந்து, போர்டுல உட்கார்ந்து, ராஜா முன்னாடி இருக்கிற சிப்பாயை ஒரு தடவை தொட்டுட்டு வெளியே போய்டறாங்க. கேம் அப்பவே ஆரம்பிச்ச கணக்காம். எனக்கு ஆட்சேபணை இல்லை. கிளாக் ஓடலை, விதி மீறலும் இல்லை. உண்மையைச் சொன்னா இந்தப் பழக்கம் வந்ததுக்கப்புறம் முதல் ரவுண்டுக்கு எல்லாரும் நேரத்துக்கு வர்றாங்க.

அடுத்தது மெட்டல் டிடெக்டர். போன் கொண்டுபோறாங்களான்னு பாக்கத்தான் வெச்சோம். இடுப்புக்கிட்ட வந்தா ஒவ்வொரு பையனும் கத்தறான். வெள்ளி அரைஞாண், அதுல ஒரு தாயத்து, தாயத்துக்குள்ள செப்புத் தகடு. மலையாளத்துப் பசங்களுக்கு ஏலஸ். வரிசை கேட் வரைக்கும் போச்சு. இப்ப இடுப்பை விட்டுட்டுப் பாக்கெட்டை மட்டும் தடவறோம்.

பிள்ளையார் சுழி விவகாரம் தனி. ஸ்கோர்ஷீட்ல மூவ், கிளாக் நேரம், டிரா கேட்டது, கிளெய்ம் சம்பந்தப்பட்டது இதைத் தவிர வேற எதுவும் எழுதக்கூடாதுங்கறது விதி. நம்ம பசங்க எல்லாரும் மேலே ஒரு 'உ' போட்டுட்டுத்தான் பேரே எழுதறாங்க. வடக்கே இருந்து வந்த ஒரு ஆர்பிட்டர் அதைப் பாத்து, ரகசியக் குறிப்பான்னு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கிளாக் அமுக்கறதுக்கு முன்னாடி போட்டது, பிள்ளையார் சொல்லி எந்த மூவும் வராதுன்னு விளக்கினேன். ஒப்புக்கிட்டார். மதியம் பாத்தா அவரே ரிசல்ட் ஷீட்ல சுழி போட்டுக்கிட்டிருக்கார், ஊர் வழக்கம்னு நினைச்சிட்டார்.

டைம்_டிரபுள் · 4 மார்ச் 2024

சாரே, அந்தக் குதிரை கதையைச் சொல்லுங்க.

ஆர்பிட்டர்_கல்பாத்தி · 5 மார்ச் 2024

சொல்றேன். அண்டர் லெவன், மேல் போர்டு. ஒரு பையனுக்குக் குதிரை ரெண்டும் நேரா எதிராளியைப் பாக்கணும். இன்னொருத்தனுக்குப் பக்கவாட்டுல, ராஜாவைப் பாத்த மாதிரி நிக்கணும். அதோட விட்டா சரி. முதல் பையன் கையை நீட்டி எதிராளியோட குதிரையையும் திருப்பி வெச்சான். அவனுக்குத் தன்னைப் பாத்து முறைக்கிற குதிரை வேண்டாமாம். அவன் பழையபடி திருப்பினான். இவன் மறுபடி. ஒரு வார்த்தை பேச்சில்லை, ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா, விரல் நுனியால.

கிளாக் போட்டாச்சு. வெள்ளை, அதாவது முதல் பையன், ஒரு மூவ் ஆடிட்டு அமுக்கினான். அமுக்கின கையோட எதிராளி குதிரையைத் திருப்பினான். தன்னோட முறை வரும்போது, "அட்ஜஸ்ட்"னு சொல்லிட்டுத்தான் காயைச் சரி பண்ணலாம், எதிராளி நேரத்துல தொடக்கூடாது. ஒரு எச்சரிக்கை குடுத்தேன். கருப்பு தன் முறை வந்ததும் அட்ஜஸ்ட்னு சொல்லித் தன் குதிரையைத் திருப்பினான், சட்டப்படி. வெள்ளை தன் முறையில அட்ஜஸ்ட்னு சொல்லி அதே குதிரையை மறுபடி திருப்பினான், அதுவும் சட்டப்படி. ரெண்டு பேரும் சட்டம் கத்துக்கிட்டாங்க. எதிராளியைத் தொந்தரவு பண்றதைத் தடுக்கிற விதியை எடுத்துக்கிட்டு நான் போய்ச் சேர்றதுக்குள்ள குதிரையைக் குதிரையால வெட்டி, திருப்பி வெட்டி, ரெண்டும் போர்டுக்கு வெளியே கிடக்குது. அதுல ஒண்ணு கவுந்து கிடந்தது. அதை ரெண்டு பேரும் கண்டுக்கலை.

பாகியோ_78 · 5 மார்ச் 2024

நான் மீனாட்சிபுரம். பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு. பொடியன்கள் கூத்தைப் படித்துச் சிரித்தேன். ஆனால் இதையெல்லாம் நம் ஊர்ப் பழக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரியவர்கள் இதைவிட மோசம்.

1978-ல் பிலிப்பைன்ஸில் பாகியோ நகரில் கார்ப்போவும் கோர்ச்னோயும் உலகப் பட்டத்துக்கு ஆடினார்கள். கார்ப்போவுக்கு ஆட்டத்தின் நடுவே தயிர் வந்தது. எந்த நேரத்தில் எந்த வகைத் தயிர் வருகிறது என்பதே ஒரு ரகசியச் சேதியாக இருக்கலாம் என்று கோர்ச்னோய் தரப்பு எழுத்துமூலம் புகார் கொடுத்தது. கார்ப்போவ் பக்கம் சூகார் என்று ஒரு மனோதத்துவ நிபுணர். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கோர்ச்னோயையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். அதைத் தடுக்கக் கோர்ச்னோய் கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டார். அதோடு நிற்கவில்லை. ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக அமைப்பைச் சேர்ந்த இரண்டு தியானக்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அவர்கள் மேல் கொலை முயற்சி வழக்கு, ஜாமீனில் வெளியே இருந்தவர்கள். நம் திருஷ்டிக் கழிப்பு எல்லாம் இதன் பக்கத்தில் நிற்குமா? கடைசியில் 21 ஆட்டம் டிரா, 6-5 கணக்கில் கார்ப்போவ் ஜெயித்தார்.

1972-ல் ரேக்யவிக்கில் நடந்த உலகப் பட்ட ஆட்டத்தில் ஸ்பாஸ்கி பக்கம் ஒரு சந்தேகம். ஃபிஷர் தரப்பு ஏதோ மின்கருவி வைத்து மூளையைக் குழப்புகிறது என்று. நாற்காலியை எக்ஸ்ரே எடுத்தார்கள், விளக்கைக் கழற்றினார்கள். கிடைத்தது செத்த ஈ இரண்டு.

உலக சாம்பியன் அலெக்கைன் 1935-ல் யூவேயோடு பட்டத்துக்கு ஆடப் போனபோது தன் சயாமிய பூனையைக் கூட்டிப்போனார். நம் ஊரில் பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். அவர் பூனையை மடியில் வைத்துக்கொண்டே போனார். பட்டம் போயிற்று. பூனை மேல் தப்பில்லை, குடி மேல் தப்பு என்பார்கள்.

டைம்_டிரபுள் · 5 மார்ச் 2024

மாஷே, செத்தவரோட ஆடினது இவர்தானே?

பாகியோ_78 · 5 மார்ச் 2024

கோர்ச்னோய்தான். ஹங்கேரி ஆட்டக்காரர் மரோட்சி 1951-லேயே காலமாகிவிட்டார். 1985-ல் ஒரு ஆவி ஊடகர் மூலமாக அவரோடு கோர்ச்னோய் ஆட்டம் தொடங்கினார். 1993 வரை ஓடியது. கோர்ச்னோய் ஜெயித்தார், எதிராளி ரிசைன் பண்ணினார்.

கருப்புக்காய் · 5 மார்ச் 2024

எட்டு வருசம். செத்தவருக்கு டைம் டிரபுள் கிடையாது.

இதுக்கு ரேட்டிங் கணக்கு எப்படிப் போட்டாங்கன்னுதான் எனக்குக் கவலை.

மூணாம்போர்டு_அம்மா · 5 மார்ச் 2024

மாஷ் சொன்ன தயிர் விசயம் நல்லா இருக்கு. நாங்க குடுக்கிற தயிர்சாதத்துலயும் ஒரு சேதி இருக்கு. மாதுளை போட்டிருந்தா காலையில ஜெயிச்சதுக்கு, வெறும் கடுகு தாளிச்சிருந்தா வீட்டுக்கு வா பேசிக்கலாம்னு.

கருப்புக்காய் · 5 மார்ச் 2024

அக்கா, தயிர்சாதம் சாப்பிட்டு மதியம் ரெண்டு மணி ரவுண்டு ஆடறவன் தோக்கறதுக்கு ராகு வேண்டியதே இல்லை.

மூணாம்போர்டு_அம்மா · 5 மார்ச் 2024

பிரக்ஞானந்தா அம்மா வெளிநாடு போறப்ப ரைஸ் குக்கரையே கையோட கொண்டுபோறாங்க. அங்க ரசம் சாதம்தான் நடக்குது. 2023-ல அவன் உலகக் கோப்பை ஃபைனல் வரைக்கும் போனான். நீங்க ஹோட்டல் பரோட்டா சாப்பிட்டு எது வரைக்கும் போனீங்க தம்பி?

கருப்புக்காய் · 5 மார்ச் 2024

கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும்.

டைம்_டிரபுள் · 6 மார்ச் 2024

செக்போஸ்ட்னதும் ஞாபகம் வந்துச்சு. பொள்ளாச்சியில இருந்து எங்ககூட டோர்னமென்ட் வர்ற ஒரு அண்ணன் இருக்கார். தமிழ்நாட்டுல லாட்டரியை 2003-லயே நிறுத்திட்டாங்கல்ல, அதனால பார்டர் தாண்டினதும் முதல் வேலை கேரளா லாட்டரி ஒண்ணு எடுக்கறது. பணத்துக்காக இல்லை. அவரு தியரி என்னன்னா, ஒரு மனுசனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அதிர்ஷ்டம்னு அளவு இருக்கு. லாட்டரி விழலைன்னா அது அப்படியே பாக்கி இருக்கு, கேம்ல செலவாகும்.

சாதாரணமா விழாது, மனுசன் சந்தோசமா இருப்பார். ஒரு நாள் நூறு ரூபா விழுந்துருச்சு. ரவுண்டுக்கு நடுவுல டீக்கடைக்காரர் சொல்லித் தொலைச்சிட்டார். அதுக்கப்புறம் ஒரு யானை எக்ஸ்ட்ரா வெச்சிருந்த கேமை டிரா கேட்டார். "இனி எனக்கு ஒண்ணும் பாக்கியில்லடா"ன்னார். எதிராளி ஓடி வந்து கைகுடுத்தான்.

என் விசயம் பேனா. நீல மூடி ரெனால்ட்ஸ். அதுல எழுதின ஒரு டோர்னமென்ட்ல வரிசையா ஜெயிச்சேன். இப்ப இங்க் தீந்துபோச்சு. அதிர்ஷ்டம் ரீஃபில்ல இருக்கா, பேனாவுல இருக்கா? ரீஃபில் மாத்தினா அதே பேனாவா? சீரியஸாத்தான் கேக்கறேன்.

ஆர்பிட்டர்_கல்பாத்தி · 6 மார்ச் 2024

அந்தப் பேனாவை வெச்சு மூவை ஆடறதுக்கு முன்னாடியே எழுதிடறியே, அதை நிறுத்து. அப்புறம் ரீஃபில் பத்திப் பேசலாம்.

பாகியோ_78 · 6 மார்ச் 2024

ஒரு காலத்தில் அது பிழையே இல்லை. முதலில் மூவை எழுது, ஒரு தடவை போர்டைப் புதிதாகப் பார், அப்புறம் ஆடு என்று பயிற்சியாளர்களே சொல்லிக்கொடுத்தார்கள். சோவியத் பள்ளியில் அது ஒரு சடங்கு. பிளண்டர் குறைய உதவிய ஒரே சடங்கைப் பார்த்து ஃபிடே தடை பண்ணிவிட்டது. இப்போது டிரா கிளெய்முக்கு, அதாவது ஆட்டம் டிரா என்று நடுவரிடம் உரிமை கேட்பதற்கு, மட்டும்தான் முன்கூட்டி எழுதலாம்.

நகரி_குதிரை · 7 மார்ச் 2024

எங்க பக்கம், ஆந்திரா பார்டர்ல நகரியில, கதையே வேற. சித்தூர், புத்தூர், திருத்தணி மூணு பக்கத்துப் பசங்களும் ஒண்ணா ஆடுவாங்க. சண்டையெல்லாம், தொட்ட காயை ஆடியே ஆகணும்ங்கற டச் மூவ்லதான் வரும். "நீ குதிரையைத் தொட்டே", "இல்லை, சட்டை கை பட்டுச்சு". சாட்சி இல்லைன்னா ஆர்பிட்டரால ஒண்ணும் பண்ண முடியாது. அப்ப ஒரே வார்த்தை: "காணிப்பாக்கத்துல சத்தியம் பண்றியா?" அந்தப் பிள்ளையார் முன்னாடி பொய்ச் சத்தியம் பண்ணினா என்ன ஆகும்னு இங்க ஒவ்வொரு வீட்லயும் ஒரு கதை இருக்கு. கேட்டதும் பையன் முகம் மாறும். குதிரையை எடுத்து ஆடிடுவான். கேமரா வெச்சாக்கூட இவ்வளவு சுத்தமா தீர்ப்பு வராது.

பேர் விசயமும் உண்டு. கோனேரு ஹம்பிக்கு அவங்கப்பா சாம்பியன்ங்கற வார்த்தையில இருந்துதான் பேர் எடுத்தார், அப்புறம் ரஷ்யப் பேர் மாதிரி இருக்கட்டும்னு எழுத்தையும் மாத்தினார். அந்தப் பொண்ணு 2002-ல கிராண்ட் மாஸ்டர் ஆயிடுச்சு. அதைக் கேட்டுட்டு எங்க மச்சான் நியூமராலஜி பாத்து பொண்ணு பேர்ல ஒரு 'ஏ' சேத்துட்டார். இப்ப ஃபிடே ஐடியில ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. ஸ்டேட் டோர்னமென்ட் எண்ட்ரியை நிறுத்தி வெச்சுட்டாங்க. ரேட்டிங் உடைஞ்சா கட்டுப்போட புத்தூர்லயும் ஆள் கிடையாது.

டைம்_டிரபுள் · 7 மார்ச் 2024

எந்தச் சித்தூர்? எங்க பாலக்காட்டுச் சித்தூரா?

நகரி_குதிரை · 7 மார்ச் 2024

உங்க சித்தூர் கள்ளு. எங்க சித்தூர் மாம்பழம்.

கருப்புக்காய் · 8 மார்ச் 2024

நியூமராலஜிக்காரங்களுக்கு ஒரு கேள்வி. எட்டு ராசியில்லாத நம்பர்ங்கறீங்க. போர்டுல எட்டு வரிசை, எட்டுப் பத்தி, ஆளுக்கு எட்டுச் சிப்பாய். எட்டு ஆகாதுன்னா ஆடுபுலி ஆட்டத்துக்குப் போகலாம். இன்னொரு பக்கம் காஸ்பரோவ். 13 ஏப்ரல்ல பிறந்து, 1985-ல 13-11 கணக்குல ஜெயிச்சு, பதிமூணாவது உலக சாம்பியன் ஆனார். அவருக்குப் பதிமூணுதான் பிடிக்கும். பிடிச்ச நம்பர்ல எல்லாம் ஜெயிச்சார்ங்கறதைவிட, ஜெயிச்சதால எல்லா நம்பரும் பிடிச்சுது.

பாகியோ_78 · 8 மார்ச் 2024

பிடிவாதமாகப் பேசுகிறீர்கள். நீடாமங்கலம் பக்கத்தில் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் இருக்கிறார். சிவன் சதுரங்கம் ஆடி ராஜகுமாரியை ஜெயித்த தலம். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமர் அந்தக் கோவிலைச் சொன்னதில் இருந்து கூட்டம் அதிகம். நான் போயிருக்கிறேன். அர்ச்சனைத் தட்டோடு நின்ற பத்துப் பையன்களும் ஒரே டோர்னமென்ட் பையன்கள். சுவிஸ் சிஸ்டம் என்றால் ஒரே பாயிண்டில் இருப்பவர்களை மோதவிடுவார்கள். எல்லோரும் ஜெயித்துக்கொண்டே போனால் ஒருவரோடு ஒருவர் ஆடவேண்டி வரும். சுவாமிக்கு என்ன சங்கடம் பாருங்கள்.

வேலந்தாவளம்_அப்பா · 2 ஜூன் 2024

எல்லாரும் மன்னிக்கணுமுங்க, ரொம்ப நாளா வரலை. மொட்டையைக் கல்யாணம் முடியட்டும்னு தள்ளி வெச்சோம். லீவுல ஒரு ஓபன் ஆடினான். எதிர்பாத்ததைவிட ஒண்ணரை பாயிண்ட் கம்மி. சின்னப் பசங்களுக்குக் கே (ஒரு பாயிண்டுக்கு ரேட்டிங் எவ்வளவு ஏறும் இறங்கும்ங்கற கணக்கு) நாப்பதுங்கறதால அறுபது போயிருச்சு. நேத்து லிஸ்ட்ல 1484.

அம்மா நேத்துல இருந்து பேசறதில்லை. பேசினா ஒரே வார்த்தை, "தெய்வக்குத்தம்".

கருப்புக்காய் · 2 ஜூன் 2024

ஆயிரத்தைந்நூறுக்குக் கீழ வந்தாச்சு. கடனும் ரத்து. வாழ்த்துகள்.

நகரி_குதிரை · 2 ஜூன் 2024

அப்படி இல்லை. லிஸ்ட்ல ஒரு தடவை தாண்டிட்டா தாண்டினதுதான். 2500 தொட்டவன் அப்புறம் இறங்கினா கிராண்ட் மாஸ்டர் பட்டத்தைப் பிடுங்கறாங்களா?

ஆர்பிட்டர்_கல்பாத்தி · 2 ஜூன் 2024

சட்டப்படி பாத்தா நகரிக்காரர் சொல்றது சரி. பட்டத்துக்கு வேண்டிய ரேட்டிங்கை ஒரு தடவை தொட்டா போதும், கீழே வந்தாலும் செல்லும். நார்ம், அதாவது டோர்னமென்ட்ல அந்தப் பட்டத்துக்கேத்த அளவு ஆடிக் காட்டறது, வேற வேணும், அது இங்கே பொருந்தாது. பாட்டி நார்ம் கேக்கலை.

மூணாம்போர்டு_அம்மா · 3 ஜூன் 2024

அண்ணா, சட்டத்தை விடுங்க. பையன் என்ன சொல்றான்? இறங்கினதுக்கு அவன் என்ன காரணம் சொல்றான்?

வேலந்தாவளம்_அப்பா · 3 ஜூன் 2024

ரெண்டு கேம் எண்ட் கேம்ல, காய் குறைஞ்ச கடைசிக் கட்டத்துல, விட்டானாமுங்க. யானை எண்ட் கேம் தெரியலைங்கறான். ஆனா ராத்திரி தனியா வந்து, "அப்பா, ஒருவேளை மொட்டை போட்டிருந்தா?"ன்னு கேட்டான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை.

மூணாம்போர்டு_அம்மா · 3 ஜூன் 2024

அதுக்குத்தான் கேட்டேன். பேனா தொலைஞ்சா அழற பையன், விபூதி வெக்க மறந்தா கை நடுங்கற பையன், இப்படி நிறையப் பேரைப் பாத்துட்டேன். நாங்க வெளிய எதை வேணா பண்ணிக்கலாம். அது உள்ள போகக் கூடாது. சீக்கிரம் பழனிக்குப் போய் முடிச்சுட்டு வந்துடுங்க, யாருக்கு வேணா மொட்டை போடுங்க. அப்புறம் யானை எண்ட் கேமுக்கு ஒரு கோச் பாருங்க.

வேலந்தாவளம்_அப்பா · 7 ஜூலை 2024

போய்ட்டு வந்துட்டோமுங்க. முடிக்கொட்டகையில வெச்சு அம்மாகிட்ட ஒரு ஒப்பந்தம். பையனுக்குப் பூமுடி, மூணு கொத்து வெட்டினாப் போதும். முழு மொட்டை எனக்கு. அம்மா யோசிச்சாங்க, பூசாரிகிட்டக் கேட்டாங்க, சரின்னுட்டாங்க. நான் உக்காந்துட்டேன். சந்தனம் தடவறப்ப பையன் கேக்கறான், "அப்பாவுக்கு ரேட்டிங்கே கிடையாது, இந்த மொட்டை யார் கணக்குல ஏறும்?"

டைம்_டிரபுள் · 7 ஜூலை 2024

மூணு கொத்துன்னா நாப்பது சதவீதம் வராது சேட்டா. ஆடிட் பண்ணா மாட்டுவீங்க.

நகரி_குதிரை · 13 டிசம்பர் 2024

பழைய இழையைத் தூசி தட்டறேன். நேத்து சிங்கப்பூர்ல குகேஷ்! பதினாலாவது கேம், ஏழரை ஆறரை. பதினெட்டு வயசு. இங்க எங்க முதல்வர் தெலுங்குப் பையன்ங்கறார், அங்க உங்க முதல்வர் சென்னைப் பையன்ங்கறார். நகரியில இருக்கிறவனுக்கு ரெண்டு பக்கமும் கைதட்ட வேண்டியிருக்கு. எங்க மச்சான் அதுக்குள்ள பொண்ணு பேர்ல ஒரு 'கு' சேக்கலாமான்னு ஜோசியர்கிட்டப் போய்ட்டார்.

மூணாம்போர்டு_அம்மா · 13 டிசம்பர் 2024

கேம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கண்ணை மூடி உக்காந்திருக்கிறதைப் பாத்தீங்களா? எங்க வீட்ல நேத்துல இருந்து ஒருத்தன் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கான். ஹோம்வொர்க் பண்றதில்லை.

ஆர்பிட்டர்_கல்பாத்தி · 14 டிசம்பர் 2024

கண்ணை மூடினதை எல்லாரும் பாத்தீங்க. ஜெயிச்சதும் அழுதுக்கிட்டே காய்களை எல்லாம் எடுத்து முதல் கட்டத்துல திருப்பி அடுக்கி வெச்சானே, அதைப் பாத்தீங்களா? உலகமே கேமராவோட நிக்குது, அவன் சிப்பாயை வரிசையா வைக்கிறான்.

இந்த ஒரு சடங்கை மட்டும் எல்லாரும் பிடிச்சுக்கோங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். போன ஞாயிறு கொல்லங்கோடு ரேபிட் முடிஞ்சு நானும் ரெண்டு வாலன்டியரும் பெஞ்சுக்கு அடியில தவழ்ந்து காய் பொறுக்கினோம். ராத்திரி ஒன்பது மணி. எல்லாம் எண்ணி டப்பாவுல போட்டாச்சு, ஒரு கருப்பு மந்திரி குறையுது. பதினாறாவது போர்டு செட். எடுத்தவங்க குடுத்துடுங்க.

டைம்_டிரபுள் · 14 டிசம்பர் 2024

சாரே, திட்டாதீங்க. அது எடுத்தது ஒரு குட்டிப் பையன். அந்த மந்திரியை வெச்சுத்தான் கடைசி ரவுண்டுல மேட் பண்ணினான். இனிமே எல்லா டோர்னமென்ட்டுக்கும் பாக்கெட்ல அதோட வருவானாம்.

ஆர்பிட்டர்_கல்பாத்தி · 14 டிசம்பர் 2024

அவங்கம்மா நம்பர் இருந்தா தனிச்செய்தியில அனுப்பு.

மூணாம்போர்டு_அம்மா · 14 டிசம்பர் 2024

அனுப்ப வேண்டாம் தம்பி. நாளைக்கே கொண்டுவந்து குடுத்துடறோம் சார். அவன் தூங்கட்டும்.